சித்த நோயும் இரத்தப் பரிசோதனையும்

சிறுமலையினின்று திண்டுக்கல்லுக்கு இறங்கும் பாதையில் 18 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. வாழைத்தார்களும் எலுமிச்சை மூட்டைகளும் காப்பிக் கொட்டையும் அவ்வழியே சந்தைக்கு இறங்குகின்றன. நோயாளிகளும் அவ்வழியே இறங்குகின்றனர். அவர்களுள் இருவரை மனக்கண்ணால் நோக்குவோம். ஒரு தாய்; அவளுடன் முப்பது வயது மகன். மகனுக்குச் சில மாதம் வெறி, சில மாதம் பெருஞ்சோர்வு என்று மாறி மாறி வரும் சித்த நோய். அதற்கு வைத்தியர் லித்தியம் என்னும் உப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். முந்தின இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையை விழுங்கியவன், காலை மாத்திரையைத் தொடாமல், மறுநாள் ஒன்பது மணிக்கு நகரத்தில் இரத்தம் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்துக்கே கணக்கு உண்டு. பஸ் தவறினாலும் அந்த நாள் வீண். மறதியாகக் காலை மாத்திரையை விழுங்கிவிட்டாலும் அந்த நாள் வீண். அத்தனை பிரயாசைக்கும் முடிவில் தாயின் கையில் கிடைப்பது ஒரு துண்டுக் காகிதம். அதில் ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு 0.7 மில்லிமோல் என்றிருந்தால் நல்லது. 0.3 என்றிருந்தால் மகன் உண்ட மாத்திரை நோய்க்கு எட்டவில்லை. 1.5-ஐத் தாண்டினால் மருந்தே விஷமாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த எண் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம்.

அரசியல் பேசும் பத்திரிகைக்கு ஆஸ்பத்திரிச் சமாசாரம் எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதியை நினைவூட்டுகிறோம். சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சித்த நோயாளரை அடைத்து வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். கூரை எரிகையில் எழுந்தோட முடியாதபடி அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தேசத்தின் விலங்கு 1947-ல் ஒடிந்தது என்று ஆண்டுதோறும் கொடியேற்றிப் பேசும் நாம், அந்த 28 பேருக்கு என்ன விடை வைத்திருக்கிறோம்? அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பெற்ற தாய்மாரும் உடன்பிறந்தாருமே விட்டனர். தர்காவின் மேலுள்ள நம்பிக்கையை நாம் இகழவும் மாட்டோம். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே சென்று தொழும் இடம் அது. ஆனால் வைத்தியசாலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், பிரார்த்தனைக்குச் சங்கிலி துணையாகியிராது.

சுப்ரீம் கோர்ட் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டன. ஜில்லாவாரியான மனநலத் திட்டம் படிப்படியாகப் பரவியது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்த நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 95-ஆம் பிரிவில் திட்டமாக விதித்தது. சங்கிலியைச் சட்டம் விலக்கிற்று, மாத்திரை வந்தது. மாத்திரை வந்தது கண்டு நாம் திருப்தியடைந்து உட்கார்ந்துவிட்டோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் சித்த நோய்க்குரிய மாத்திரைகளிற் சில, இரத்தப் பரிசோதனை இல்லாமல் கொடுக்கத் தகாதவை. பரிசோதனை அம்மருந்தின் ஒரு பாதி. ஒரு பாதியை இனாமாகக் கொடுத்து மற்றப் பாதியை மறந்துவிடுவது, வண்டியைக் கொடுத்துக் கடையாணியை மறந்த கதையாகும்.

லித்தியத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. அம்மருந்தைக் கண்டவர் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய வைத்தியர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு கிடந்தவர். நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர் அணிவகுத்து நின்ற அதே நகரம், அதே காலம். முகாமிலே சக கைதிகளின் மனம் சிதைவதைப் பார்த்தவர், சித்தக் கோளாறுக்கு உடம்பிலும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும் என்று எண்ணினார். ஊர் திரும்பிய பின் மெல்போர்ன் அருகேயுள்ள ஓர் ஆஸ்பத்திரியில், உபயோகமற்றுக் கிடந்த ஒரு சிறு அறையைப் பரிசோதனைச் சாலையாக்கிக்கொண்டு உழைத்தார். லித்தியத்தால் வெறி தணிந்த பத்து நோயாளரைப் பற்றி 1949-ல் எழுதி வெளியிட்டார். அவர்களுள் முதல்வர் ஐந்தாண்டுகளாக வெறி தணியாது கிடந்தவர். சில மாதத்தில் வீடு திரும்பிப் பழைய உத்தியோகத்தில் அமர்ந்தார். இதுவரை கேட்டால் அற்புதம் என்போம். மிச்சத்தையும் கேட்க வேண்டும். அதே மனிதர் 1950-ல் லித்தியம் விஷமேறி இறந்தார். கேட் மனமுடைந்து அம்மருந்தையே கைவிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் இருதய நோயாளர் கறியுப்புக்குப் பதிலாக லித்திய உப்பை அள்ளித் தூவி உண்டு, சிலர் உயிரிழந்தனர்.

மருந்து அத்துடன் புதையுண்டிருக்கும். அதை மீட்டது ஒரு கருவி. சுடரின் நிறத்தைக் கொண்டு இரத்தத்தில் இவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று கணக்கிட முடியும் என்பதை மெல்போர்ன் நகரத்து டிராட்னர் முதலியோர் காட்டினர். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷௌ 1954 முதல் முறையாகச் சோதித்து அம்மருந்துக்குப் புத்துயிர் தந்தார். கேட் கையாண்டதும் ஷௌ கையாண்டதும் ஒரே உப்பு. இடையே அளக்கும் வழி பிறந்திருந்தது.

சரி, மெல்போர்ன் கதை இருக்கட்டும். திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். நமது சிறுநீரகம் லித்தியத்தையும் சோற்றுப்பையும் ஏறக்குறைய உடன்பிறப்புகளாகப் பாவிக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். அப்பொழுது மாத்திரையின் அளவு மாறாமலிருந்தும் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். இந்தச் சிறு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நமது வாழ்க்கையைப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் வயலிலும் தோல் பதனிடும் தொட்டியருகிலும் நாளெல்லாம் வியர்வை சிந்துகிறோம். வயிற்றுப்போக்கு கண்டால் நீரை நிறுத்துகிறோம். நாட்டு வைத்தியத்துக்கு உப்பில்லாப் பத்தியம் காக்கிறோம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு உப்பை விலக்கி விரதமிருக்கிறோம். தைப்பூசத்துக்கு ஆயிரமாயிரம் பேர் திண்டுக்கல் சாலை வழியே பழனிக்கு நடக்கின்றனர். நடந்த கால் வீங்கினால் வழியிலுள்ள மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். அவ்வலி மாத்திரைகளில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவையும் சிறுநீரகத்தில் லித்தியத்தைத் தேக்கும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிலவகை மாத்திரைகளும் அவ்வாறே. இத்தனையும் ஒருசேரக் கூடிய காவடிக்காரர் ஒருவர் லித்தியம் உண்பவராக இருந்தால், பழனி அடிவாரத்தில் அவர் கை நடுங்கும்; நடை தள்ளாடும்; வாய் குளறும்; வாந்தியெடுப்பார். கூட்டம் என்ன சொல்லும்? குடித்திருக்கிறான் என்று சொல்லும். அல்லது முருகன் அருள் வந்திறங்கியது என்று சொல்லும். இரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

பாத யாத்திரை வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. நீரும் மோரும் உப்பும் தவறாமல் உண்டு, வலி மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் தொடாமல், போகுமுன் ஒருமுறையும் வந்தபின் ஒருமுறையும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு போய் வரலாம். வாந்தியும் பேதியும் கண்டால் அன்றே மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். இத்துடன் ஆறு மாதத்துக்கொருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் இரத்தத்தால் சோதிக்க வேண்டும். லித்தியம் தைராய்டைத் தளர்த்தக்கூடும். தைராய்டு தளர்ந்தால் மனமும் உடலும் சோரும். வீட்டார் பழைய நோய் திரும்பிற்றென்று எண்ணி அழுவர். உண்மையில் வேண்டியது வேறொரு சிறு மாத்திரையாக இருக்கும்.

பரிசோதனைச் சாலை நடத்துவோர்க்கும் ஒரு சொல். இரத்தம் உறையாதிருக்க இடும் குழாய்களில் பச்சை மூடியுள்ள ஒரு வகையில் லித்தியம் கலந்த மருந்தே பூசப்பட்டிருக்கிறது. அக்குழாயில் எடுத்த இரத்தத்தில் லித்தியத்தை அளந்தால், மாத்திரையே உண்ணாதவனுக்கும் லித்தியம் இருப்பதாகக் காட்டும்! மலையிறங்கி வந்த தாயின் பிரயாணம் இவ்வாறு ஒரு மூடியின் நிறத்தால் பாழாகலாம். நாம் கோர்ட்டில் சாட்சியத்தின் தராதரத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிக்கிறோம். இரத்தமும் ஒரு சாட்சிதான், எடுத்த விதம் பிழையானால் சாட்சியும் பொய்யாகும்.

இனி குளோசபின் என்னும் மருந்தைப் பற்றி. எண்ணம் சிதறி, இல்லாத குரல்கள் காதில் ஒலிக்கும் மனச்சிதைவு நோயில், வேறு மருந்துகள் இரண்டு மூன்று தோற்றபின்னும் பலனளிக்கவல்லது இது ஒன்றே. 1988-ல் அமெரிக்காவில் ஜான் கேன் முதலியோர், பிற மருந்துகளுக்கு அசையாத நோயாளரிடம் இதைப் பரீட்சித்தனர். பழைய மருந்து உண்டவரில் 100-க்கு 4 பேரே தேறினர். குளோசபின் உண்டவரில் 100-க்கு 30 பேர் தேறினர். எனினும் இதற்கு ஒரு கொடிய குணம் உண்டு. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரிடத்து, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களை இரத்தத்தினின்று அழித்துவிடும். 1975-ல் பின்லாந்து தேசத்தில் இவ்விதம் சிலர் இறந்தமையால் இம்மருந்து பல தேசங்களில் ஒதுக்கப்பட்டது. 1989-ல் அமெரிக்கா அதை அனுமதித்தது, வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில். முதல் 18 வாரமே மிக்க அபாயகாலம். அப்பொழுது வாரம் ஒருமுறை, பின்பு இரு வாரத்துக்கொருமுறை, ஓராண்டு சென்றபின் மாதம் ஒருமுறை என்பது பொதுவான முறை. காய்ச்சலும் தொண்டைவலியும் கண்டால் அன்றே பார்க்க வேண்டும். நமது வீடுகளில் காய்ச்சலுக்கு மிளகுக் கஷாயமும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். குளோசபின் உண்பவருக்கு அந்த மூன்று நாள் இல்லை.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைச் சாலை இல்லாத ஊரில் நல்ல வைத்தியர் என்ன செய்வார்? வாரந்தோறும் இரத்தம் பார்க்க வழியில்லாத நோயாளிக்கு அம்மருந்தை எழுதவே அஞ்சுவார். ஆகவே, பரிசோதனை இல்லாமையால் விளையும் நஷ்டம் விஷமேறிய சிலரோடு நின்றுவிடுவதில்லை. தேறியிருக்கக்கூடிய நூற்றுக்கு முப்பது பேர் தேறாமலே வீட்டுத் திண்ணையில் கிடப்பதும் அக்கணக்கில் சேரும். இவர்களுக்காக எந்தப் பத்திரிகையும் கறுப்புக் கட்டமிட்டுச் செய்தி வெளியிடுவதில்லை. நிர்ப்பந்தம் மிகையானாலும் கெடுதிதான் என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் இரத்தக் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றாவிடில் மருந்தே கிடையாது என்றிருந்த விதி, நோயாளருக்கு மருந்து கிடைப்பதையே தடுக்கிறது என்று வைத்தியர்கள் முறையிட்டமையால், 2025-ல் எடுக்கப்பட்டது. பதிவேட்டுக் கட்டாயம் போயிற்று. இரத்தம் பார்க்க வேண்டுமென்ற யோசனை போகவில்லை.

திண்டுக்கல் புகையிலைச் சீமை. இவ்வூர்ச் சுருட்டு கடல் கடந்தும் பேர் பெற்றது. ஆதலால் இதையும் எழுதிவிடுகிறோம். பீடிப் புகையும் சுருட்டுப் புகையும் ஈரலை முடுக்கிக் குளோசபினை விரைவாகக் கரைத்துவிடும். நாளுக்கு இரண்டு கட்டுப் பீடி புகைத்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து திடீரென்று நிறுத்தினால், அதே மாத்திரை இரத்தத்தில் வெகுவாக ஏறித் தூக்கமும் மயக்கமும் உண்டாகும். புகையை நிறுத்துவது நன்றே; நிறுத்தும்போது வைத்தியரிடம் சொல்வது அதனினும் நன்று.

ஓலன்சபின் முதலிய வேறு மருந்துகளுக்கு இத்தனை பயம் வேண்டுவதில்லை. ஆனால் அவை பசியைக் கிளறிவிட்டு உடலைப் பெருக்கும். இரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். ஏற்கெனவே நீரிழிவுக்கு இடங்கொடுத்து நிற்கும் நமது ஜனங்களுக்கு இது சிறு விஷயமன்று. மருந்து தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு இவற்றைப் பார்ப்பதும், மூன்று மாதத்தில் மறுமுறையும் பின்பு ஆண்டுதோறும் பார்ப்பதும் போதும். கொடிய சித்த நோயுடையார் மற்றவரைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அவர்களிற் பெரும்பாலோரைக் கொல்வது இருதயமும் சர்க்கரையும் போன்ற சாதாரண வியாதிகளே. பித்துத் தெளிந்து தின்று கொழுத்துவிட்டான் என்று பந்தியில் பரிகாசம் செய்யும் உறவினர், அந்தக் கொழுப்பு மருந்தால் வந்தது என்பதை அறியார்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கை. மனச்சிதைவையோ, வெறியும் சோர்வும் மாறிவரும் நோயையோ இன்னதென்று கண்டு சொல்லும் இரத்தப் பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. அதைக் கண்டறிவது வைத்தியர் பொறுமையாய் உட்கார்ந்து கேட்கும் பேச்சினாலேயே. முழு உடற்பரிசோதனை என்று விளம்பரமிட்டு ஆயிரக்கணக்கில் கறக்கும் கடைகளை நம்பி ஏழைகள் கடன்பட வேண்டாம். ஆயினும் பித்துப்போலத் தோன்றும் வேறு நோய்களைப் பிரித்துக் காட்டும் வேலையை இரத்தம் செய்யும். 1906-ல் வாஸர்மான் கண்ட பரிசோதனையும், 1913-ல் நொகுச்சியும் மூரும் மூளையிலே மேகநோய்க் கிருமியைக் கண்டதும், ஐரோப்பியப் பைத்தியக்காரச் சாலைகளில் பல்லாயிரவர் கிருமியாலேயே அறிவழிந்தனர் என்பதை மெய்ப்பித்தன. பின்னர் பென்சிலின் வந்தது. அந்த நோய்க் கொட்டடிகள் காலியாயின. தைராய்டு வறண்டமையால் சித்தம் கலங்கிய 14 பேரைப் பற்றி 1949-ல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஆஷர் எழுதினார். அவர்களிற் பெரும்பாலோர் சுரப்பி மருந்தால் தேறினர். மாமிசமும் பாலும் காணாதவர்க்குப் பி 12 என்னும் சத்துக் குறைந்தாலும் புத்தி தடுமாறும். பேய் பிடித்ததென்று வேப்பிலையடிக்கும் பெண்ணுக்கு ஒருதரம் தைராய்டைப் பார்த்துவிட்டு அடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. அடியே வேண்டாம் என்பது நமது கட்சி.

சுதேசி வைத்திய அபிமானிகள் நம்மேல் கோபிக்க வேண்டாம். சித்த நோய்க்கு மருந்து தந்ததில் பாரத தேசம் பின்தங்கியதில்லை. சர்ப்பகந்தி வேர் வெறியைத் தணிக்கும், இரத்த அழுத்தத்தை இறக்கும் என்று கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதினர். மேனாட்டார் இருபதாண்டு கழித்தே விழித்து, 1952-ல் அவ்வேரினின்று ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்து, 1954 முதல் தங்கள் ஆஸ்பத்திரிகளில் கொண்டாடினர். நமக்கு அதில் பெருமை உண்டு. அப்பெருமையோடு பின்வந்ததையும் ஒப்புக்கொள்வோம்: அதே சத்துச் சிலருக்கு இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி வீழ்த்திற்று, சிலரைச் சோகத்தில் ஆழ்த்திற்று என்றும் வைத்தியர்கள் எழுதினர். வேராயினும் உப்பாயினும் உடம்புக்குள் போனதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். அது நமது தொழிலுமாகும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பொருளுதவி பெறும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள மருந்துகளை அங்கே இனாமாகத் தர வேண்டும் என்கிறது. இரத்தப் பரிசோதனை என்ற சொல்லைப் பிரித்தெடுத்து அப்பிரிவு கூறவில்லை என்று உத்தியோகஸ்தர் எவரேனும் கைவிரிப்பாராயின், 21-ஆம் பிரிவைப் புரட்டச் சொல்லுங்கள். வைத்திய வசதி யாவற்றிலும் சித்த நோயாளரை உடல் நோயாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்ட ஷரத்தின் எண்ணும் 21 என்பது தற்செயலாயினும் பொருத்தமே.

சமத்துவம் என்றால் என்ன? 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், நீரிழிவுக்காரரின் வாசலுக்கே ஊழியர் வந்து சர்க்கரை பார்க்கிறார், அழுத்தம் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறோம். அதே தெருவில் அடுத்த வீட்டில் லித்தியம் உண்பவருக்கு அதே ஊழியர் இரத்தம் எடுத்துச் செல்லலாகாதா? காசநோயாளரின் சளி மாதிரி ஊரிலிருந்து பெரிய பரிசோதனைச் சாலைக்குப் பயணம் செய்கிறதே, இரத்தக் குழாய் பயணம் செய்தால் ஆகாதா? சிறுமலை உச்சியில் யந்திரம் வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. யந்திரம் நகரத்தில் இருக்கட்டும். 2022 ஜனவரி முதல் திண்டுக்கல்லுக்கென்று சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் உண்டு. தாய்க்கும் மகனுக்கும் பதிலாகக் குழாய் மலையிறங்கட்டும். எண் திரும்பி மலையேறட்டும்.

இது புதுக் கருத்துமன்று. சிறுமலையின் அடிவாரத்திலே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-ல் சின்னாளபட்டியில் தொடங்கிய சிறிய பிரசவ வைத்தியசாலையே பின்பு கஸ்தூர்பா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கர்ப்பிணி பட்டணத்துக்கு நடக்க வேண்டியதில்லை, வைத்தியம் கிராமத்துக்கு வர வேண்டும் என்று அம்மையார் செய்து காட்டிய பூமி இது. மருந்து வழங்குவதில் தமிழகம் பிற மாகாணங்களுக்கு வழிகாட்டி என்பதும் உண்மை. 1994-ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் மொத்தமாய் மருந்து வாங்கி ஊரெங்கும் அனுப்பும் முறையைப் பிற ராஜ்யங்கள் பார்த்து எழுதிக்கொண்டன. எந்தத் தரத்து வைத்தியசாலையில் எந்தப் பரிசோதனை இருத்தல் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் ஒரு பட்டியலும் வெளியிட்டது. பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்துக்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் இடையே எத்தனை வளைவுகள் என்பதை ஜனங்கள்தாம் எண்ணிச் சொல்ல வேண்டும்.

எண்ணுவதற்கு வழியும் உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. விடை 30 நாளில் வர வேண்டும். திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஆத்தூர், கொடைக்கானல், குஜிலியம்பாறை என்ற தாலுகாக்களில் ஊர்தோறும் நமது தொண்டர்கள் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாய்ச் சரிபார்க்கும் அவர்களுக்கு இது பெரிய வேலையன்று. தாலுகாவுக்கு ஒருவர் மனு எழுதுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் லித்தியமும் குளோசபினும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்த மாதம் இருப்பில் இருந்தன. லித்தியத்தின் அளவை அங்கேயே பார்க்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா. வெளியே அனுப்பினால் செலவு யாருடையது, எண் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது. குளோசபின் உண்போரின் வெள்ளையணுக் கணக்கு எத்தனை முறை பார்க்கப்பட்டது. தைராய்டுப் பரிசோதனை உண்டா இல்லையா என்று கேளுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். எந்த நோயாளியின் பெயரையும் கேளாதீர்கள். அவரது நோய் அவருக்கும் வைத்தியருக்கும் இடையிலானது. அவ்விரகசியத்தையும் அதே சட்டம் காக்கிறது.

விடை வந்ததும், வராவிட்டால் வரவில்லை என்பதையும், நமது காரியாலயத்துக்கு எழுதுங்கள். தாலுகாவாரியாக இதே பக்கத்தில் பிரசுரிப்போம். அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராமசபைகளுக்கு முன் அவை கைக்குக் கிட்டுமாயின், அங்கே வாசிக்கத்தக்க ஒரு தீர்மானத்தின் நகலையும் தயாரித்து அனுப்புகிறோம்.